மார்கழி ராத்திரியில் புழுங்குவது யாரால்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் திருவையாற்று வாசகர் ஒருவர், "முன்பெல்லாம் மார்கழியில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது, இப்போது ஃபேன் இல்லாமல் படுக்க முடியவில்லையே, ஏன்?" என்று கேட்டிருந்தார். பூமி சூடாகிவருவது அதற்கு ஒரு காரணம், அந்தச் சூட்டுக்குப் பெரும்பாலும் மனிதர்கள்தான் காரணம் என்று நாலே வரியில் பதில் எழுதினேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பாதிப் பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் நிஜமான சந்தேகத்தோடு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, இந்த விஷயத்தை நாலு வரியில் முடித்தது சரியில்லைதான். அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

ஐயா, பூம்புகாரைக் கடல் கொண்டது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அன்றைக்குக் காரும் இல்லை, அனல்மின் நிலையமும் இல்லை. காலநிலை எப்போதும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. இப்போது மட்டும் மனிதன் தலையில் பழியைப் போடுவது என்ன நியாயம்?
(ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சீர்காழி)

நீங்கள் சொன்னதில் முதல் பாதி முழுக்கச் சரி ஐயா. கரை அரிப்பு, புயல் அலை, கடல் ஏறுவது, இதில் எதற்குமே புகை தேவையில்லை. இன்னும் சொல்லப்போனால் பூம்புகாரைவிடப் பெரிய கதையே இருக்கிறது. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, வடக்கே கண்டம் கண்டமாகப் பனி உறைந்து கிடந்தது, அதனால் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை அன்று வெறும் தரை. கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம்.

ஆனால் அது காரணமில்லாமல் நடக்கவில்லை, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிற பாதை கொஞ்சம் நீளும், கொஞ்சம் வட்டமாகும். அச்சின் சாய்வு கூடும், குறையும். பம்பரம் ஓயப்போகும்போது தலையாட்டுமே, அந்த மாதிரி அச்சே மெதுவாகத் தலையாட்டும். ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் வருஷம், ஒன்றுக்கு 41,000, இன்னொன்றுக்கு ஏறக்குறைய 23,000. மிலன்கோவிச் என்ற செர்பியக்காரர் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டுவைத்தார். பனியுகங்கள் வந்ததும் போனதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. அதே கணக்கை இன்றைக்குப் போட்டுப் பார்த்தால் பூமி மெல்ல மெல்லக் குளிர வேண்டும். சூடாவதற்கு அதில் வழியே இல்லை.

அப்புறம் வேகம். பனியுகத்திலிருந்து வெளியே வந்தபோது உலகச் சராசரி வெப்பம் ஐந்து ஆறு டிகிரி ஏறியது, அதற்குச் சுமார் 10,000 வருஷம் பிடித்தது. இப்போது ஒரு டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது, ஒன்றரை நூற்றாண்டுக்குள், அதிலும் பெரும்பகுதி 1970க்குப் பிறகு, நம் கண் முன்னால்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் களத்தில் இடி விழுந்து ஒரு வைக்கோல் போர் எரிந்தது. நாலைந்து வருஷம் கழித்து அதே களத்தில் இன்னொரு போர் எரிந்தது. "போன தடவை இடிதானே, இதுவும் இடியாகத்தான் இருக்கும்" என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. வானம் பளிச்சென்று இருந்தது, போர் ஓரத்தில் அணையாத பீடித் துண்டு கிடந்தது. இடியாலும் போர் எரியும் என்பது உண்மைதான், அதற்காக அந்தப் பீடித் துண்டு இல்லையென்று ஆகிவிடுமா?

சார், பூமிக்குச் சூடு தருவதே சூரியன்தான். சூரியன் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்தால் இங்கே சூடாகத்தானே செய்யும்? இதை ஏன் யாரும் சொல்வதில்லை?
(கல்லூரி மாணவர், மன்னார்குடி)

சொல்கிறார்கள் தம்பி, முதலில் சந்தேகப்பட்டதே சூரியனைத்தான். 1978லிருந்து செயற்கைக்கோள் வைத்து சூரியனிலிருந்து வரும் ஆற்றலை விடாமல் அளந்துகொண்டிருக்கிறார்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். 11 வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் அது மேலே போகவே இல்லை. பூமியின் சூடு மட்டும் மேலே போயிருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று உண்டு. சூரியன் அதிகம் காய்வதால் சூடு ஏறுகிறது என்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்கும் சூடாக வேண்டும். கரியமில வாயு மாதிரி வாயுக்கள் பூமிக்குப் போர்த்தியிருக்கிற போர்வை தடிமனாவதால் சூடு ஏறுகிறது என்றால் போர்வைக்கு உள்ளே சூடாகும், வெளியே குளிரும். அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது? நாம் இருக்கிற கீழ் அடுக்கு சூடாகிறது, ஸ்ட்ராடோஸ்பியர் என்று சொல்கிற மேல் அடுக்கு குளிர்கிறது. இது பின்னால் யோசித்துச் சொன்ன சமாதானம் இல்லை. சியுகுரோ மனாபே என்ற ஜப்பானிய விஞ்ஞானி அமெரிக்காவில் இருந்துகொண்டு, 1967லேயே, கரியமில வாயு கூடினால் தரை சூடாகும், மேல் அடுக்கு குளிரும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். 2021இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

போர்வைக்கு இன்னொரு அடையாளம் ராத்திரி. சூரியன் இல்லாத நேரம் அது. பகலில் வாங்கிய சூட்டைத் தரை வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிற நேரம். உலகம் முழுவதும் எடுத்துப் பார்த்தால், 1950க்குப் பிறகு பகலைவிட ராத்திரி வேகமாகச் சூடாகியிருக்கிறது. மேகத்துக்கும் தூசிக்கும் இதில் பங்கு உண்டு, அதனால் ராத்திரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் மேல் அடுக்கு குளிர்வதையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சூரியன் மேல் பழி போட இடமே இல்லை.

டெல்டாக்காரனுக்கு இந்த ராத்திரிச் சூடு வெறும் தூக்கம் கெடுகிற விஷயம் இல்லை, அதனால் இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நெல் பகலில் வெயிலை வைத்துச் சமைக்கும், ராத்திரி மூச்சுவிடும். மூச்சுவிடச் செலவாவது பகலில் சமைத்து வைத்ததுதான். ராத்திரி எவ்வளவு புழுக்கமோ அவ்வளவு செலவு, கதிருக்குப் போய்ச் சேருவது அவ்வளவு குறைவு. பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரை எடுத்த வெப்பக் கணக்கையும் தங்கள் வயல் விளைச்சலையும் வைத்துப் பார்த்தார்கள். வறண்ட பருவப் பயிரில், ராத்திரியின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் பத்து சதவீதம் இறங்கியது. பகல் வெப்பம் கூடியபோது இவ்வளவு தெளிவாக எதுவும் தெரியவில்லை. 2004இல் வெளியான முடிவு இது.

என் அப்பா பால் பிடிக்கிற பருவத்தில் வரப்போரமாகக் குந்தி ஒரு கதிரைக் கையில் எடுத்து, ஒவ்வொரு மணியாகக் கட்டைவிரல் நகத்தால் நசுக்குவார். பால் வந்தால் ஒன்றும் பேசமாட்டார். வராத மணியைக் கையில் வைத்து விரலால் உருட்டிக்கொண்டே இருப்பார். அந்தக் காலத்தில் பதர் என்றால் புகையான் பூச்சி, இல்லாவிட்டால் பூக்கும்போது அடித்த மழை என்பார்கள். ராத்திரி வெப்பத்தைக் காரணமாகச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

காற்றில் கரியமில வாயு இருப்பதே 0.04 சதவீதம்தானாம். என் மகன் போனில் பார்த்துவிட்டு, இத்தனூண்டு வாயுவால் உலகமே சூடாகுமா என்று கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.
(இல்லத்தரசி, கும்பகோணம்)

அம்மா, வெள்ளை வேட்டிக்கு நீலம் போடும்போது ஒரு வாளித் தண்ணீருக்கு எத்தனை சொட்டு விடுகிறீர்கள்? நாலு சொட்டு. வாளி முழுக்க நிறம் மாறிவிடுகிறது. மகனை வாளிப் பக்கத்தில் நிற்கவைத்து அந்த நாலு சொட்டை அவனையே விடச் சொல்லுங்கள். ஒளியை மறிக்கிற பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு, மறிக்காத தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அது கணக்கில் வராது. காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும், இரண்டும் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைத் தடுப்பதே இல்லை. தடுப்பது நீராவி, கரியமில வாயு, மீத்தேன் மாதிரி கொஞ்சமாக இருக்கிறவைதான். 1859இல் லண்டனில் ஜான் டிண்டல் என்பவர் இதைக் குழாயில் அடைத்து அளந்தே காட்டிவிட்டார். இந்தக் கொஞ்சமும் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் இப்போது இருக்கும் 15 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 ஆக இருக்கும்.

நீராவிதானே அதிகம் என்று அடுத்துக் கேட்பான். அதிகம்தான். ஆனால் நீராவி பத்து நாளுக்குள் மழையாக இறங்கிவிடும். காற்று சூடாக இருந்தால் அதிகம் தங்கும், குளிர்ந்தால் குறைவாகத் தங்கும். அதாவது அது தானாகத் தொடங்கி வைக்காது, வேறு எதுவோ தொடங்கியதைப் பெரிதாக்கும்.

எரிமலை கக்குவதை விடவா மனிதன் புகை விடுகிறான்?
(வாசகர், மயிலாடுதுறை)

ஆமாம், நூறு மடங்குக்குப் பக்கமாக. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு அரை பில்லியன் டன்னுக்கும் குறைவு. நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு, சிமெண்ட் என்று நாம் விடுவது சுமார் 37 பில்லியன் டன். பெரிய எரிமலை வெடித்தால் தற்காலிகமாகக் குளிரத்தான் செய்யும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தபோது, அது வானத்தில் பரப்பிய கந்தகத் துகள் வெயிலை மறித்து, உலகச் சராசரி அரை டிகிரி இறங்கியது. ஒன்றிரண்டு வருஷத்தில் பழையபடி ஆகிவிட்டது.

நான் பொறியாளர். அண்டார்க்டிகா பனிக்கட்டிப் பதிவைப் பார்த்தால் முதலில் வெப்பம் ஏறுகிறது, பிறகுதான் கரியமில வாயு ஏறுகிறது. அப்படியானால் வெப்பம்தான் காரணம், வாயு விளைவு. நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்.
(வாசகர், தஞ்சாவூர்)

வந்த கடிதங்களில் நல்ல கேள்வி இதுதான். பழைய பனிக்குள் அடைபட்ட காற்றை அளந்து எடுத்த பதிவு அது, நீங்கள் சொல்வது உண்மை. பனியுகம் முடிகிற சமயத்தில் முதலில் தொட்டது பூமியின் பாதை, மேலே சீர்காழி ஐயாவுக்குச் சொன்ன அதே கணக்கு. அதனால் கொஞ்சம் சூடாகிறது, சூடான கடல் தன்னுள் கரைத்து வைத்திருந்த கரியமில வாயுவை விடுகிறது. சோடா பாட்டிலை வெயிலில் வைத்தால் நடப்பதுதான். வெளியே வந்த வாயு சூட்டை இன்னும் ஏற்றுகிறது, அந்தச் சூடு இன்னும் வாயுவை வெளியே கொண்டுவருகிறது. பாதை மாறியதால் மட்டும் ஐந்து ஆறு டிகிரி ஏறியிருக்காது, வாயுவும் சேர்ந்து தள்ளியதால்தான் அத்தனை ஏறியது. வெப்பத்தால் வாயு கூடும், வாயுவால் வெப்பமும் கூடும், இரண்டுமே உண்மை.

ஆகவே கேட்க வேண்டியது, இந்த முறை கூடுதல் வாயு கடலிலிருந்து வந்ததா என்பது. இல்லை. கடல் இப்போது வாயுவை விடவில்லை, வாங்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் கடல்நீரின் அமிலத்தன்மை கூடிவருகிறது. நாம் விடுவதில் ஏறக்குறைய பாதிதான் காற்றில் தங்குகிறது, மீதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. வரவு செலவு நோட்டு எழுதுகிறவர் யாரும் இதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். நூறு ரூபாய் போட்டோம், ஐம்பது ரூபாய்தான் பெட்டியில் கூடியிருக்கிறது. அப்படியானால் பக்கத்திலிருக்கிறவர் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார், போடவில்லை. அவர்தான் பெட்டியை நிரப்பினார் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு முத்திரையும் உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி வருஷத்துக்கு முன் மண்ணுக்குள் போனவை, அதில் கார்பன் 14 என்ற, நாளாக நாளாகச் சிதைந்துபோகிற கார்பன் வகை (ஐசோடோப்பு) எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். பழைய தாவரத்திலிருந்து வந்ததால் கார்பன் 13 என்ற இன்னொரு வகையும் குறைவாக இருக்கும். காற்றில் இருக்கிற கரியமில வாயுவிலும் இந்த இரண்டின் பங்கும் குறைந்துவந்திருக்கிறது. பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழை அளந்தால் எட்டு லட்சம் வருஷமாகக் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையில்தான் ஊசலாடியிருக்கிறது. தொழிற்சாலை காலத்துக்கு முன் 280. ஹவாயில் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

அண்ணே, நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது, அதனால்தான் உலகம் சூடாகிறது என்கிறார்கள். ஊரை எரித்தவனை விட்டுவிட்டு நாற்று நட்டவனைப் பிடிக்கிறார்களே? நாங்கள் என்ன பாவம் செய்தோம்?
(விவசாயி, வலங்கைமான்)

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மீத்தேன் என்ற சொல்லைக் கேட்டாலே டெல்டாவில் வயிறு எரியும். மன்னார்குடிப் பக்கம் நிலத்துக்கடியிலிருந்து மீத்தேன் எடுக்கப் போகிறோம் என்று வந்தபோது ஊர் ஊராக நடந்தவர் நம்மாழ்வார் ஐயா, அந்த வேலையில் இருக்கும்போதே 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை பக்கத்தில் அத்திவெட்டியில் உயிர் போனது. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. இப்போது அதே மீத்தேனைச் சொல்லி வயலைக் கைகாட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்.

ஆனால் உண்மையை உங்களிடம் மறைக்கமாட்டேன். வயலில் தண்ணீர் கட்டி நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது, காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர் மட்கியதைத் தின்று மீத்தேனை விடும், அதில் பெரும்பகுதி நெல்லின் தண்டு வழியாகவே மேலே வந்துவிடும். மனிதர்களால் வரும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உலகத்து நெல் வயல்களிலிருந்து வருகிறது. மிச்சத்தில் மாடு உண்டு, குப்பைமேடு உண்டு, பெரிய பங்கு எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய், நிலக்கரிச் சுரங்கம். மீத்தேன் சூட்டைப் பிடிப்பதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பொல்லாதது, ஆனால் சுமார் 12 வருஷத்தில் சிதைந்துவிடும். கரியமில வாயுவில் ஒரு பங்கு நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நிற்கும். அதனால் நிலக்கரி எரித்தவனும் நெல் நட்டவனும் ஒரே தட்டு இல்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை உலகம் விட்ட கரியமில வாயுவில் கிட்டத்தட்ட கால் பங்கு அமெரிக்கா ஒன்றே விட்டது. இந்தியா விட்டது சுமார் 3 சதவீதம், அதில் வலங்கைமான் விவசாயியின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 'மனிதனால்' என்று நான் போன தடவை எழுதியபோது எல்லா மனிதரையும் ஒரே வரியில் நிறுத்திவிட்டேன். அது என் தப்பு, அந்தச் சொல்லை இனி யோசித்துத்தான் போடுவேன்.

இதில் நமக்கு லாபமான ஒரு வழி இருப்பதால் மட்டும் சொல்கிறேன், பரிகாரமாக இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வைப்பது. துளை போட்ட ஒரு குழாயை வயலில் பதித்து, உள்ளே தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செண்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது, பூக்கும் நேரத்தில் மட்டும் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது. தண்ணீர் மிச்சம், மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும், விளைச்சல் அடிபடாது. பம்புசெட் வைத்துக் குறுவை போடுகிறவருக்கு இது நடக்கிற காரியம். முறை வைத்துத் தண்ணீர் விடும் கடைமடையில், எப்போது வரும் என்றே தெரியாத தண்ணீரைக் காய்ச்சலுக்கு விடு என்று சொன்னால் யார் கேட்பார்? ஐப்பசி கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடக்கும்போது சம்பாவில் காய்ச்சலுக்கு வழியே இல்லை. இதையெல்லாம் பார்க்காமல் மேலேயிருந்து திட்டம் போடுகிறவர்கள் ஒரு தடவை வந்து உங்கள் வரப்பில் நிற்க வேண்டும்.

கஜா புயலில் எங்கள் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அதையும் மனிதன்தான் செய்தான் என்கிறீர்களா?
(தென்னை விவசாயி, பேராவூரணி)

கஜாவை மனிதன் செய்தான் என்று நான் சொல்லமாட்டேன் ஐயா. 2018 நவம்பர் 16 விடியற்காலை நீங்கள் கேட்ட அந்தச் சத்தத்தை உங்கள் தாத்தாவும் வேறொரு வருஷம் கேட்டிருப்பார். 1952இல் நாகப்பட்டினத்தில் புயல், 1977 நவம்பரில் மறுபடி. வங்கக் கடலில் வடகிழக்குப் பருவத்தில் புயல் உண்டாவது இயற்கை. (சுனாமியையும் இதோடு சேர்த்து மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். 2004இல் வந்தது கடலடி நிலநடுக்கத்தால், அதற்கும் காலநிலைக்கும் சம்பந்தமில்லை.)

மாறியிருப்பது புயலுக்குக் கிடைக்கிற தீனி. கடல் சூடாக இருந்தால் புயலுக்குப் பலம் கூடுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும், அது ஒரே நாளில் கொட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1901லிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் 20 செண்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண், உயர்ந்திருக்கிறது. தாத்தா காலத்து அதே புயல் அதே இடத்தில் இன்றைக்கு அடித்தாலும் அலை அந்த ஒரு சாண் மேலிருந்துதான் கிளம்பும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் ஆகும். கடல் ஏறுகிறது, டெல்டா தாழ்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் உண்டான நிலம் இது, வண்டல் வந்துகொண்டே இருந்தால்தான் மட்டம் நிற்கும். 1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு வண்டலில் நிறைய அங்கேயே தங்கிவிடுகிறது. கொள்ளிடத்திலும் காவிரியிலும் மணலை அள்ளினோம். ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சினோம், அந்த இடத்துக்குக் கடல்நீர் வருகிறது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போய்ப் போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இதற்கும் கரியமில வாயுவுக்கும் சம்பந்தமில்லை, இது வேறு மனிதக் காரணம், இங்கேயே உட்கார்ந்து சரிசெய்யக்கூடியது. எங்கள் ஊர் வடிகால் வாய்க்காலில் ஆள் உயரத்துக்கு ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது, மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது. ஒரு கார்த்திகையில் நாற்பது ஏக்கர் சம்பா எட்டு நாள் முழுகிக் கிடந்தபோது வந்து பார்த்த அதிகாரி "காலநிலை மாற்றம், என்ன செய்வது" என்றார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மழை கூடியதற்கு அது காரணமாக இருக்கலாம், வாய்க்கால் அடைத்ததற்கு இல்லை.

விஞ்ஞானிகளே இதில் இரண்டு கட்சியாக இருக்கிறார்களே?
(வாசகர், திருவாரூர்)

இல்லை. மனிதன் காரணமா என்பதில் இரண்டு கட்சி இல்லை. காலநிலை மாற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளை மதிப்பிட 1988இல் ஏற்பட்ட ஐ.நா.வின் ஐபிசிசி குழு ஒவ்வொரு அறிக்கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உறுதி கூட்டிக்கொண்டே வந்து, 2021இல் சந்தேகத்துக்கு இடமில்லை என்றே எழுதியது. 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2010-2019க்குள் மனிதரால் ஏறியது சுமார் 1.07 டிகிரி. சூரியன், எரிமலை இரண்டும் சேர்ந்து கூட்டியதோ குறைத்ததோ 0.1 டிகிரிக்குள். இந்தியாவில் 1901லிருந்து 2018க்குள் ஏறியது 0.7 டிகிரிதான், உலகச் சராசரியைவிடக் குறைவு, நம் புகையும் தூசியும் வெயிலைக் கொஞ்சம் மறிப்பது அதற்கு ஒரு காரணம்.

சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. கரியமில வாயு இரண்டு மடங்கானால் எத்தனை டிகிரி ஏறும்? இரண்டரையிலிருந்து நாலு வரை என்கிறார்கள், அந்த இடைவெளி பெரியது. மேகம் என்ன செய்யும், பருவமழை எந்தப் பக்கம் நகரும், இதிலெல்லாம் நிஜமாகவே வாதம் நடக்கிறது. முதல் கணக்கு 1896இல் ஸ்வீடன்காரர் அரேனியஸ் கையால் போட்டது, அதனால் இது நேற்று முளைத்த கதையும் இல்லை. அமெரிக்காவின் பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் சொந்த விஞ்ஞானிகளே 1970களின் கடைசியிலும் 80களிலும் இந்தச் சூட்டைச் சரியாகக் கணித்து முதலாளிகளிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் அந்தக் கம்பெனி பல வருஷம் வெளியே சந்தேகத்தைத்தான் பரப்பியது. இரண்டு கட்சி இருப்பதாக நமக்குத் தோன்றியதே அப்படிப் பரவிய சந்தேகத்தால்தான்.

சார், எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்து ராத்திரி வெப்பத்தை நாங்களே அளந்து எழுதிவைக்க முடியுமா?
(அறிவியல் ஆசிரியை, திருத்துறைப்பூண்டி)

முடியும் டீச்சர், இந்தக் கடிதக் கட்டுக்குள் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த கடிதம் உங்களுடையது. அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி என்று கேட்டால் அறிவியல் உபகரணக் கடையில் கிடைக்கும். 'ப' எழுத்து எப்படி இருக்குமோ அப்படி வளைந்த கண்ணாடிக் குழாய், இரண்டு பக்கமும் சின்ன ஊசி. சுவரில் மாட்டாதீர்கள், சுவர் பகல் சூட்டை ராத்திரியிலும் விட்டுக்கொண்டிருக்கும். புல் தரையில் ஒரு கம்பம் நட்டு, தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்கு மேல், காற்று போய்வரும்படி பலகைப் பலகையாக அடித்த வெள்ளைப் பெட்டிக்குள் வையுங்கள், கதவு வடக்குப் பார்த்து இருக்கட்டும், அப்போதுதான் திறக்கும்போது வெயில் உள்ளே அடிக்காது. கான்கிரீட் தளத்துக்கும் மோட்டார் அறைக்கும் தள்ளி இருக்க வேண்டும்.

தினமும் காலை எட்டரைக்குப் படியுங்கள், வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் படிக்கிறது. விடுமுறை நாளுக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. பக்கத்திலேயே வானம் மேகமா தெளிவா, காற்று உண்டா, புல்லில் பனி இருந்ததா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், பின்னால் அந்த ஒரு வரிதான் நிறைய விஷயம் சொல்லும். ஒரு மார்கழியை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது, காலநிலை என்றால் உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 30 வருஷத்துச் சராசரி, அதனால் நோட்டு தடியாக, கெட்டி அட்டையாக இருக்கட்டும். படித்து எழுதியதும் காந்தத்தால் இரண்டு ஊசியையும் பாதரசத்தைத் தொடும்வரை இறக்கிவிட வேண்டும். பிள்ளைகள் மறப்பது இதைத்தான், மறந்தால் நேற்றைய ராத்திரியே மறுநாளும் நோட்டில் ஏறிவிடும்.